ஏழாவது ஆள் சுகமா

நான் எழுதிய ஒரு பேய்க்கதையால் ஒரு பிள்ளை தான் ஒளிந்திருந்த வீட்டை விட்டுப் போகவேண்டி வந்தது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இத்தனை வருடமாக இந்தக் கதையைச் சொல்லத் தொடங்கினால், முதலில் தொகுப்பாசிரியரைத் திட்டுவேன், பிறகு வீட்டுக்கார அன்ரியைத் திட்டுவேன், பிறகு இலக்கியக்காரரை எல்லாம் வரிசையில் நிறுத்தித் திட்டுவேன். என் முறை வருவதற்குள் கேட்டுக்கொண்டிருந்தவருக்கு பஸ் வந்துவிடும். இந்தத் தடவை என்னைத் தப்ப விடுவதாக இல்லை. ஆனாலும் அவர்களையும் திட்டத்தான் போகிறேன்.

சமாதானம் என்று கொஞ்ச நாள் எல்லோரும் சிரித்துக்கொண்டு திரிந்து, பிறகு மறுபடியும் சண்டை தொடங்கியிருந்த காலம். நான் யாழ்ப்பாணத்திலிருந்து கொழும்புக்கு வந்து வெள்ளவத்தையில், கடற்கரைப் பக்கம் இறங்குகிற ஒழுங்கை ஒன்றில் அறை எடுத்திருந்தேன். வேலை நீதிமன்றங்கள் இருக்கிற புதுக்கடையில், ஒரு வழக்கறிஞரின் கந்தோரில் தமிழ்த் தட்டச்சு. பிடித்துக்கொண்டு போகப்பட்டவர்களின் தாய்மார் வந்து அழுதழுது சொல்வதை மூன்று கார்பன் வைத்து அடிப்பேன். பெயர், வயது, சொந்த ஊர், கடைசியாக எங்கே கண்டது. மத்தியானம் ஆகும்போது விரல் நுனியெல்லாம் கறுத்துப்போயிருக்கும். வீட்டுக்கு வந்து பேய்க்கதை எழுதுவேன்.

ஏன் பேய்க்கதை என்று எல்லோரும் கேட்டார்கள். பிடித்திருந்தது, எழுதினேன். பகல் முழுக்க உண்மையை அடித்துவிட்டு வருகிறவளுக்கு மாலையிலும் அதையே எழுது என்று சொல்ல இவர்கள் யார்? ஆனால் கொழும்பில் அப்போது ஒரு தமிழ்ப் பத்திரிகைக்கோ சஞ்சிகைக்கோ பேய்க்கதை அனுப்பினால், குற்றம் செய்தவளிடம் பேசுகிற மாதிரித்தான் பதில் வரும். பிரசுரிக்க இயலாமைக்கு வருந்துகிறோம் என்று அச்சடித்த அட்டை வந்தால் அது மரியாதை. ஒரு ஆசிரியர் அந்த அட்டையின் ஓரத்தில், நாடு கிடக்கிற கிடையில் உமக்குப் பேயா என்று சிவப்புப் பேனாவால் எழுதி அனுப்பினார். வெள்ளவத்தையில் ஓர் இலக்கியக் கூட்டத்தில், தோளில் துணிப்பை மாட்டிய ஒருவர் என்னைப் பக்கத்தில் கூப்பிட்டு, இதெல்லாம் தப்பியோடுகிற எழுத்து என்று அரை மணித்தியாலம் விளக்கினார். மூன்று மாதத்தில் அவர் கனடாவுக்குத் தப்பியோடினார்.

இப்படி எல்லோரும் கதவைச் சாத்தியபோது திறந்திருந்த ஒரே கதவு கொட்டாஞ்சேனையில் இருந்தது. பத்திரிகை ஒன்றில் புரூவ் பார்த்துக்கொண்டிருந்த ஒருவர், தன் வீட்டு முன்னறையில் ஒரு பழைய அச்சு இயந்திரத்தை வைத்துக்கொண்டு, வருடத்துக்கு ஒன்றாகத் திகில் கதைத் தொகுப்பு போட்டார். பத்துப் பன்னிரண்டு பேரின் கதைகள், மஞ்சள் தாள், அட்டையில் எப்போதும் ஒரு மண்டையோடு. இருநூறு பிரதி அடிப்பார். அதில் பாதி அவருடைய கட்டிலுக்குக் கீழேதான் கிடக்கும். புதுக்கடையிலிருந்து கிட்டத்தான், சாப்பாட்டு நேரத்தில் நடந்துபோய்க் கதையைக் கொடுத்துவிட்டு வருவேன். தபாலில் அனுப்பினால் வாசிக்காமல் வைத்துவிடுவார் என்று எனக்குப் பயம். நேரில் போனால் மட்டும் வாசிப்பாரா என்றால், அதுவும் இல்லை.

என்னுடைய முதல் கதையைப் போட்டபோது அவர் ஒரு அநியாயம் செய்தார். எங்கள் தொகுப்புகளில் ஒரு வழக்கம் உண்டு. ஒவ்வொரு கதை முடிந்ததும் அதன் கீழே எழுதியவரின் முழு முகவரியும் இருக்கும். வாசகர்கள் அந்த முகவரிக்கு எழுதுவார்கள். மற்றப் பதினொரு பேருக்கும் முகவரி இருந்தது. எனக்கு மட்டும் வெறும் பெயர், அதுவும் ஒரு எழுத்துக் குறைவாக. பக்கத்தில் இடம் போதவில்லையாம். என் மூக்குக்கு மேல் கோபம் வந்தது. இரண்டு வருடம் திருப்பி அனுப்பப்பட்டு, கடைசியில் ஒரு கதை வந்திருக்கிறது, அதை வாசித்த ஒருத்தர் எனக்கு இரண்டு வரி எழுதக்கூட வழியில்லை. நேரில் போய்ச் சண்டை பிடித்தேன். அது போதாமல் மூன்று தபாலட்டை எழுதினேன். அடுத்த தொகுப்பில் என் முகவரி வராவிட்டால் இனிமேல் கதை தரமாட்டேன் என்றும் எழுதினேன். அப்படி மிரட்டினால் பயப்படுகிற அளவுக்கு நான் பெரிய ஆளில்லை என்பது அவருக்கும் தெரியும். ஆனாலும் போடுகிறேன் என்று சொன்னார்.

இனி அந்த வீடு. வீட்டுக்கார அன்ரியை எனக்கு அடியோடு பிடிக்காது. தண்ணீர்க் குழாய் எத்தனை மணிக்குத் திறக்கலாம், எத்தனை மணிக்குப் பூட்டவேண்டும் என்று சுவரில் எழுதி ஒட்டியிருந்தார். அறையில் உடுப்பு இஸ்திரி போடக்கூடாது. தலைமயிர் வடிகானில் கிடந்தால் அது யாருடையது என்று நீளம் பார்த்துக் கண்டுபிடிப்பார். ஊரிலிருந்து வந்தவர்களுக்கு அறை கொடுக்கப் பலர் பயந்த காலத்தில் இவர் கொடுத்தார் என்பதற்காக, நாங்கள் எல்லோரும் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தோம். அவருடைய கணவர் பாவம், வீட்டில் இருக்கிறாரா இல்லையா என்றே தெரியாது. வெளிநாட்டு விசாவுக்குக் காத்திருந்த ஒரு தாயும் மகளும் முன்னறையில். ஒரு கணக்காளர் மேல்மாடியில். என்னோடு ஆறு பேர்.

ஆறு பேர் என்றுதான் பொலிஸ் பதிவில் இருந்தது. வீட்டில் யார் யார் இருக்கிறார்கள் என்று எழுதி, பொலிஸ் நிலையத்தில் கொடுத்து முத்திரை குத்தி வாங்கி வைத்திருக்கவேண்டும். சோதனைக்கு வருகிறவர்கள் தாளில் உள்ள தலைகளையும் வீட்டில் உள்ள தலைகளையும் எண்ணுவார்கள். கூடினாலும் பிழை, குறைந்தாலும் பிழை.

குசினிக்குப் பக்கத்தில் சாமான் வைக்கிற சின்ன அறையில் ஒரு பிள்ளை இருந்தாள். இருபது வயது இருக்கும். எல்லோரும் அவளைப் பிள்ளை என்றுதான் கூப்பிட்டார்கள், நானும் அப்படித்தான். சமையலில் கைகொடுப்பாள், எனக்குத் தேத்தண்ணி கொண்டுவந்து தருவாள். இடது மணிக்கட்டில் ஒரு தழும்பு. எல்லோரும் குளித்து முடித்த பிறகு மிச்சத் தண்ணீரில் தலைக்கு வார்ப்பதால் எந்நேரமும் தலை ஈரமாக இருக்கும். முன்னறைத் தாய்க்குச் சொந்தம் என்று நான் நினைத்துக்கொண்டேன். அந்தத் தாய் அவளை அன்ரியின் ஆள் என்று நினைத்திருக்கிறார். கணக்காளர் என்னோடு வந்தவள் என்று நினைத்திருக்கிறார். இது பிறகுதான் தெரிந்தது. எட்டு மாதம் ஒரு வீட்டில் இருந்தோம், ஒருவரும் கேட்கவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பதிவைப் புதுப்பிக்கவேண்டி வந்தது. என் கையெழுத்து நல்லது என்று அன்ரி என்னைக் கூப்பிட்டு எழுதச் சொன்னார். அவர் சொல்லச் சொல்ல ஆறு பேரையும் எழுதினேன். அவ்வளவுதானா என்று கேட்டேன். அவ்வளவுதான் என்றார், கொஞ்சம் சத்தமாக. பிறகு மத்தியானம் சாப்பிட உட்கார்ந்தபோது மேசையில் ஏழு கோப்பை இருந்தது. நான் எண்ணினேன். நன்றாக நினைவிருக்கிறது, எண்ணினேன்.

அந்த இடத்தில் நான் கேட்டிருக்கலாம். நாள் முழுக்கப் பிடிபட்டவர்களின் விபரம் அடிக்கிறவளுக்கு, தாளில் இல்லாத ஒரு ஆள் என்றால் என்ன அர்த்தம் என்று தெரியாதா? தெரியும். ஆனால் எனக்கு அந்த நேரம் வந்தது சந்தோசம். கதை கிடைத்துவிட்ட சந்தோசம். சோற்றை அள்ளிப் போட்டுக்கொண்டு அறைக்கு ஓடினேன்.

கதை இதுதான். வெள்ளவத்தையில் ஒரு வீடு. பதிவில் ஆறு பேர், சாப்பாட்டு மேசையில் ஏழு பேர். ஏழாவது ஆள் ஒரு பெண், தலை எப்போதும் ஈரம், இடது மணிக்கட்டில் தழும்பு. அவளை ஒவ்வொருவரும் மற்றவருடைய சொந்தம் என்று நினைக்கிறார்கள். ஒருநாள் ஆறு பேரும் கூடிக் கதைக்கும்போதுதான், அவள் யாருக்கும் சொந்தமில்லை என்று தெரிகிறது. நான் முதலில் எழுதிய முடிவில், அவர்கள் பதிவுத் தாளை எடுத்து, ஏழாவது வரியில் அவளையும் சேர்த்து எழுதுகிறார்கள். அவள் அங்கேயே இருந்துவிடுகிறாள்.

கொட்டாஞ்சேனைக்காரர் வாசித்துவிட்டு முதல் தடவையாகக் கதிரையை இழுத்து எனக்குப் போட்டார். கதை நல்லது, முடிவு சரியில்லை என்றார்.

"பேய்க்கதை எண்டா ஒராள் போகவேணும், தங்கச்சி. எல்லாரும் சந்தோசமா ஒண்டா இருந்தா அது கலியாண வீட்டுக் கதை."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இந்த மனிதர், அட்டைக்கு மண்டையோட்டைத் தவிர வேறு படம் தெரியாதவர், எனக்கு முடிவு சொல்லித் தருகிறார். என் கதையில் கை வைக்காதீர்கள் என்று சொல்லிவிட்டு எழும்பி வந்தேன். கந்தோருக்குத் திரும்பி நடக்கும்போதே புது முடிவு மனதில் ஓடத் தொடங்கிவிட்டது. பொலிஸ் வருகிறது, எண்ணுகிறது, ஏழு. இது யாருடைய ஆள் என்று கேட்கிறது. ஆறு பேரும் ஒருவர் பின் ஒருவராக, எங்கட ஆள் இல்லை என்கிறார்கள். அவள் தானாகவே போய் ஜீப்பில் ஏறுகிறாள். ஜீப் ஒழுங்கை முனைக்குப் போகும்போது உள்ளே ஒருவரும் இல்லை, இருக்கை மட்டும் ஈரம். அடுத்த நாளே அடித்துக்கொண்டுபோய்க் கொடுத்தேன். அவருக்குப் பிடித்தது. எனக்கு அவரைவிடப் பிடித்தது. அதனால் முடிவை அவர் கெடுத்தார் என்று நான் சொல்லித் திரிந்ததெல்லாம் பொய்.

புத்தக வெளியீடு கொட்டாஞ்சேனையில் ஒரு சின்ன மண்டபத்தில் நடந்தது. மங்கள விளக்கு, தமிழ் வாழ்த்து, முதற்பிரதி வாங்க ஒரு புடைவைக்கடை முதலாளி, எல்லாம் ஒழுங்காக. விமர்சனம் செய்ய வந்தவர் மற்றப் பதினொரு கதையைப் பற்றி ஒன்றும் சொல்லாமல் பேய் இலக்கியம் தேவையா என்று பேசினார். என் கதைக்கு வந்தபோது மட்டும், இந்த வீட்டைப் போய்ப் பார்க்கவேண்டும் போலிருக்கிறது, நல்ல காலம் முகவரியும் கீழேயே இருக்கிறது என்றார். சபை சிரித்தது. எனக்குப் பெருமை தலைக்கேறியது. முகவரியை விரலால் தடவிப் பார்த்தேன். வீட்டு இலக்கம், ஒழுங்கை, வெள்ளவத்தை, கொழும்பு 6. எல்லாம் சரியாக இருந்தது.

அன்ரிக்கு ஒரு பிரதி, அன்புடன் என்று எழுதிக் கொடுத்தேன். அவர் அதைத் தொலைபேசிக்குக் கீழே வைத்தார், இரண்டு கிழமையாக அது அங்கேயே கிடந்தது. ஒரு பக்கமாவது புரட்டிப் பார்க்கவில்லையே என்று அதற்கும் நான் மனதுக்குள் திட்டினேன்.

பிறகு எனக்கு முதலாவது வாசகர் கடிதம் வந்தது.

அது கடிதம் இல்லை, தபாலட்டை. நான் வேலை முடிந்து வீட்டுக்கு வந்தபோது அன்ரி சாப்பாட்டு மேசையில் இருந்தார். அவருக்கு முன்னால் அந்த அட்டையும், என் கதைப் பக்கம் விரித்தபடி புத்தகமும். உட்காரச் சொல்லவில்லை. அட்டையை என் பக்கம் தள்ளினார். மாளிகாவத்தைத் தொடர்மாடியிலிருந்து ஒருவர் எழுதியிருந்தார், வடிவான எழுத்து. கதை மிக அருமை என்று தொடங்கி, என்னை வாழ்த்தி, கடைசியில் பகிடியாக முடித்திருந்தார். உங்கள் வீட்டில் பதியாமல் இருக்கும் ஏழாவது ஆள் சுகமா? ஒருநாள் வந்து பார்க்கலாமா?

உறை இல்லை. திறந்த அட்டை. வீட்டு முகவரி ஒரு பக்கம், இந்த வரி மறுபக்கம்.

"இது எத்தினை கையால வந்திருக்கும் எண்டு யோசிச்சுப் பாத்தியோ?"

அதுவரை அன்ரி என்னை நீர் என்றுதான் பேசுவார், இப்போது நீ ஆகிவிட்டது. நான் அசட்டுச் சிரிப்புச் சிரித்தேன். அன்ரி, அது கதை, பேயைப் பற்றின கதை என்றேன்.

"பேய் எண்டு உனக்குத் தெரியும். பொலிசுக்கு ஆர் சொல்லுறது?"

அதன் பிறகு அவர் குரலைத் தாழ்த்தி எல்லாவற்றையும் சொன்னார். அந்தப் பிள்ளை அவரோடு ஒரே வகுப்பில் படித்த சிநேகிதியின் மகள். தாய் ஷெல் விழுந்து செத்துப்போனார். பிள்ளை வெளியேறுகிற பாஸ் இல்லாமல், அடையாள அட்டையும் இல்லாமல், வன்னியிலிருந்து யார் யாரோடோ வந்து சேர்ந்திருக்கிறாள். பதியப் போனால் அங்கேயே பிடித்து வைப்பார்கள். அதனால் எட்டு மாதமாகப் பதியாமல் வைத்திருக்கிறார். இரண்டு தரம் பொலிஸ் வந்தபோதும் அவளைப் பின்சுவரால் ஏற்றி அடுத்த வீட்டு முஸ்லிம் குடும்பத்தின் குசினிக்கு அனுப்பியிருக்கிறார். அந்த வீட்டு அம்மா தன் மகளின் முக்காட்டை அவளுக்குப் போட்டு வெங்காயம் உரிக்க வைத்தாராம். இரண்டு தரமும் நான் வீட்டில் இருந்தேன். என் அடையாள அட்டையைத் தேடிக்கொண்டிருந்தேன்.

தண்ணீருக்கும் தலைமயிருக்கும் சண்டை பிடிக்கிற அந்தப் பொம்பிளை இவ்வளவையும் தனியாகச் சுமந்திருக்கிறார். எனக்கு அவர் மேல் மரியாதை வந்திருக்கவேண்டும். வந்ததோ ஆத்திரம். எனக்கு முதலே சொல்லியிருக்கலாமே என்றேன். சொன்னால் எழுதியிருக்க மாட்டியா என்று கேட்டார். அந்தப் புத்தகத்தை ஒருவரும் வாசிப்பதில்லை, பாதிப் பிரதி கட்டிலுக்குக் கீழே கிடக்கிறது என்று கெஞ்சினேன். என் வாயால் என் புத்தகத்தைப் பற்றி அப்படிச் சொல்லவேண்டி வந்தது. அன்ரி அட்டையில் விரலை வைத்தார்.

"ஒருத்தன் வாசிச்சிருக்கிறான். பாக்க வரட்டோ எண்டும் கேக்கிறான்."

அடுத்த நாள் காலையே பிள்ளையை வேறு இடத்துக்கு அனுப்புவதென்று முடிவாகிவிட்டது. எங்கே என்று கேட்டேன், சொல்லவில்லை. வழியில் மறித்தால் பேச ஆள் வேண்டும், கந்தோர்க் கடிதம் என்னிடம் இருக்கிறது, நான் கூடப் போகிறேன் என்றேன்.

"நீ வேண்டாம். போற இடத்தையும் எழுதிப் போடுவாய்."

விளக்கு வைக்கிற நேரம் பிள்ளை என் அறை வாசலுக்கு வந்தாள். கையில் அந்தப் புத்தகம். அன்ரி வாசிக்கக் கொடுத்திருக்கிறார். உள்ளே வரச் சொன்னேன், வரவில்லை. வாசலில் நின்றபடியே புத்தகத்தை நீட்டினாள்.

"தழும்பைக்கூடச் சரியா எழுதியிருக்கிறீங்கள் அக்கா. நான் எப்பவாவது உங்களைப் பயப்படுத்தினனானோ?"

மன்னித்துக்கொள் என்று சொல்லியிருக்கலாம். நான் என்ன செய்தேன் தெரியுமா? கொட்டாஞ்சேனைக்காரரைத் திட்டினேன். அந்த முடிவு என்னுடையது இல்லை, அந்த ஆள்தான் மாற்றச் சொன்னது, முதலில் நான் வேறு மாதிரித்தான் எழுதினேன் என்று மூச்சு விடாமல் சொன்னேன். அவள் கவனமாகக் கேட்டாள். முதல் முடிவு என்ன என்று கேட்டாள். பதிவுத் தாளில் உம்மையும் எழுதுகிறார்கள், நீர் எங்களோடேயே இருக்கிறீர் என்றேன்.

"என்ன பேர் எண்டு எழுதினீங்கள்?"

நான் பெயர் வைக்கவில்லை. எனக்கு அவள் பெயர் தெரியாது. அவள் கொஞ்ச நேரம் நின்றாள். கேட்பேன் என்று பார்த்தாளோ தெரியாது. கேட்க வெட்கமாக இருந்தது, அந்த நேரத்திலும் எனக்கு என் வெட்கம்தான் பெரிதாக இருந்தது. புத்தகத்தை என் மேசையில் வைத்துவிட்டுப் போனாள்.

காலையில் நான் முகம் கழுவிவிட்டு வரும்போது சாமான் அறைக் கதவு திறந்து கிடந்தது. அன்ரியின் கணவர்தான், வீட்டில் இருக்கிறாரா என்றே தெரியாத அந்த மனிதர், அவளோடு ஓட்டோவில் போயிருந்தார். மத்தியானத்துக்கு முன் தனியாகத் திரும்பி வந்தார். நான் அன்று வேலைக்குப் போகவில்லை. அவரிடம் கேட்டேன். அன்ரியைப் பார்த்துவிட்டுக் குசினிப் பக்கம் போய்விட்டார்.

மாளிகாவத்தை வாசகர் வரவில்லை. அவர் பாவம், ஒரு பாராட்டு எழுதினார், அவ்வளவுதான். பொலிஸ் மட்டும் இன்னும் இரண்டு கிழமையில் வந்தது, வழக்கமான சோதனை. தாளைப் பார்த்தார்கள், எங்களை எண்ணினார்கள், சிங்களத்தில் ஹரி, சரி என்று சொல்லிவிட்டுப் போனார்கள். புத்தகத்தை அவர்கள் கண்டதுமில்லை, கண்டாலும் அவர்களுக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாது. பிள்ளை இருந்திருந்தால் முந்தி இரண்டு தரம் போல அவள் சுவருக்கு அந்தப் பக்கம் போயிருப்பாள். ஒன்றும் நடந்திருக்காது. இதை நான் அன்ரிக்குச் சொல்லவில்லை. அவர் இதை எனக்கு முன்பே நினைத்திருப்பார்.

கொட்டாஞ்சேனைக்காரருக்கு நாலு பக்கத்தில் ஒரு வசைக் கடிதம் எழுதினேன். நடந்ததைச் சொல்ல முடியாது, அதனால் சும்மா திட்டினேன். உணர்ச்சிகரமான கடிதம் கிடைத்தது, அடுத்த தொகுப்புக்குக் கதை அனுப்பவும் என்று பதில் போட்டார். அனுப்பினேன். இதையும் சொல்லத்தான் வேண்டும். முகவரி வேண்டாம் என்று மட்டும் மேலே எழுதினேன்.

கந்தோரில் தாய்மார் வந்து உட்கார்ந்து, கொட்டாஞ்சேனை லொட்ஜில் பிடித்தது, மட்டக்குளியில் பிடித்தது, பெண்பிள்ளை, இருபது வயது என்று சொல்லத் தொடங்கினால் என் கை தட்டச்சில் நின்றுவிடும். அடையாளம் ஏதும் உண்டா என்று, கேட்கத் தேவையில்லாத இடத்திலும் கேட்பேன். பெயர் தெரியாத ஒருத்தியை வேறு எப்படித் தேடுவது. வழக்கறிஞர் ஒருநாள் எரிந்து விழுந்தார். நானும் பதிலுக்கு எரிந்து விழுந்தேன்.

மூன்று நாலு மாதம் பொறுத்தேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை அன்ரி குசினியில் தனியாக மரக்கறி வெட்டிக்கொண்டிருந்தபோது போய் நின்றேன். இடம் சொல்லவேண்டாம், பெயர் சொல்லவேண்டாம், அவள் இருக்கிறாளா, சுகமாக இருக்கிறாளா, அதை மட்டும் சொல்லுங்கோ என்று கேட்டேன். அழுதும் விட்டேன். அன்ரி கத்தியை நிறுத்தவில்லை, என்னைப் பார்க்கவும் இல்லை.

"உனக்கு என்னத்துக்கு? முடிவை நீ முதலே எழுதிப் போட்டாய்தானே."